பேச்சியம்மாவின் வெறும் வயிறு

வெள்ளிக்கல் தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவில் ஒன்பது கைக்குழந்தைகளைத் தூங்க வைப்பதற்காக ஓர் அம்மாளுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். சென்ற மார்ச் மாதம், தூங்கிவிட்டார் என்பதற்காக அந்த அம்மாளையே நிறுத்தப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது என்பதுதான் இதில் உள்ள சங்கடம்.

அம்மாளின் பெயர் பேச்சியம்மா. வயது நாற்பத்தொன்பது. பதினொரு வருடமாகப் பிள்ளைக் காம்பராவின் ஆயம்மா. காலையில் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் தாய்மார் தங்கள் பிள்ளைகளை விட்டுச் செல்லும் நீளமான அறைதான் பிள்ளைக் காம்பரா. அதன் வெளிச்சுவரில் இப்போது மூன்று மொழிகளில் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று எழுதி, பக்கத்தில் ஒரு முயலையும் வரைந்திருக்கிறார்கள். முயலைப் பிள்ளைகள் ஏற்றுக்கொண்டார்கள். பெயரை யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை.

அந்த அறையில் பேச்சியம்மாவின் சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்று உண்டு. கூரைச் சட்டத்தில் வரிசையாக ஒன்பது சேலைத் தொட்டில்கள் தொங்கும். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கயிறு. அந்தக் கயிறுகளை ஒன்றோடொன்று முடிந்து, கடைசி நுனியைத் தன் வலது கால் பெருவிரலில் மாட்டிக்கொள்வார். காலை ஒருமுறை நீட்டி மடக்கினால் ஒன்பது தொட்டில்களும் ஒரே பக்கம் போய், ஒரே பக்கம் திரும்பும். கைகள் இரண்டும் சும்மா இருக்கும். அவற்றால் பால் போத்தல் கழுவலாம், துணி மடிக்கலாம். தோட்டத்துக்கு வந்து போகும் அதிகாரிகள் பலர் இந்தக் கயிற்றைப் பார்த்து வியந்திருக்கிறார்கள். வியந்தவர்கள் கொஞ்ச நேரம் நின்றால் கொட்டாவி விட்டபடிதான் வெளியே வருவார்கள்.

நோய் எந்த நாளில் வந்தது என்று பேச்சியம்மாவால் சொல்ல முடியாது. முதலில் குளிர் வந்தது. குளிர் அங்கே எல்லோருக்கும் பொதுவானது. அதனால் அதை நோய்க் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை. அவர் ஒரு சுவெட்டரின் மேல் இன்னொரு சுவெட்டரை மாட்டிக்கொண்டார். பிறகு முகம் உப்பியது. லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் அதை நோயாக அல்ல, நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டார்கள்.

“ஒங்க வீட்டுக்காரரு நல்லா கவனிக்கிறாரு போல. கன்னமெல்லாம் மினுங்குது,” என்றாள் அடுத்த வீட்டு அழகம்மா.

“ஆமா, சைக்கிள் டியூப் மாதிரி காத்தடிச்சு வச்சிருக்காரு,” என்றார் பேச்சியம்மா. சொல்லும்போதே குரல் கரகரத்தது. அந்தக் கரகரப்பும் பிறகு போகவில்லை. புருவத்தின் வெளி நுனியில் முடி உதிர்ந்தது. தோல் வறண்டு, சொறிந்தால் மாவு பறந்தது. வயிறு நான்கு நாளைக்கு ஒருமுறைதான் மனமிரங்கியது. மற்ற நாட்களில் மத்தளம்.

வயிறு என்று வந்துவிட்டால் தோட்டத்தில் நோய்க்குப் பெயர் தேட வேண்டியதில்லை. வாயு, அதாவது கேஸ். தலை சுற்றினாலும் கேஸ், நெஞ்சை அடைத்தாலும் கேஸ், மருமகள் இரண்டு நாள் பேசாமலிருந்தால் மாமியாருக்கும் கேஸ். தோட்டத்து டிஸ்பென்சரியில் வெள்ளை மருந்துப் போத்தல் ஒன்றும், ஆள் வெளிறிப் போயிருந்ததால் இரும்புச்சத்துக்குச் சிவப்பு மாத்திரையும் கொடுத்தார்கள். பேச்சியம்மா ஒரு வருடம் வெள்ளை மருந்து குடித்தார். வயிறு தன் கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை.

இதற்கெல்லாம் மேலாகத் தூக்கம் வந்தது.

அது களைத்துப் போய் விழும் தூக்கம் அல்ல. பகல் பத்து, பத்தரை மணிக்கு, மலைச்சரிவிலிருந்து மூடுபனி இறங்கிப் பிள்ளைக் காம்பராவின் ஜன்னலருகே நிற்கும், கொஞ்சம் யோசிக்கும், பிறகு உள்ளே வரும். அதற்குப் பின் நடப்பதற்குப் பேச்சியம்மா முழுப் பொறுப்பாளி அல்ல. மேலே கொழுந்து பறிப்பவர்களின் பேச்சுச் சத்தம் கம்பளிக்கு அடியிலிருந்து வருவது போலாகிவிடும். தொட்டில்கள் தரையை மறந்து, நீர்த்தேக்கத்தில் கட்டிய ஓடங்கள் போல மெல்ல ஏறி இறங்கும். கால் தன் பாட்டுக்கு நீளும், மடங்கும். அவர் எண்ணுவார்: ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்பதோடு நிற்காது. ஒன்பதுக்கு அப்பால், பனி தடித்திருக்கும் மூலையில், பத்தாவதாக ஒரு தொட்டில். எந்த நிறச் சேலை என்று பிடிபடாது. உள்ளே யாரோ நிம்மதியாக மூச்சு விடுவது மட்டும் கேட்கும். யாரென்று பார்க்க எழுந்து நடப்பார். முழங்கால் தண்ணீரில் நடப்பது போலக் கால்கள் கனக்கும். சேலையின் ஓரத்தை விலக்கக் கை நீட்டும்போது யாராவது எழுப்பிவிடுவார்கள். ஒருமுறைகூட உள்ளே பார்த்ததில்லை.

இதை அவர் யாரிடமும் குறையாகச் சொல்லவில்லை. உள்ளூர அது பிடித்திருந்தது. ஒரு நோய் இவ்வளவு மரியாதையாக நடந்துகொள்ளும் என்று அவருக்குத் தெரியாது.

கடைசியில் அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனவர் கணவர் மூக்கன். தோட்டத்து லொறியில் உதவியாளர். கொழுந்து ஏற்றி இறக்குபவர். சிங்களமும் தமிழும் ஒரே சத்தத்தில் பேசக்கூடியவர். ஒரு நவம்பர் காலை நகரத்து ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கழுத்தில் இருக்கும் தைரொய்ட் சுரப்பி வேலை செய்வது குறைந்துவிட்டது, கேஸ் இல்லை என்றார்கள். நோய் கேஸ் இல்லை என்று கேள்விப்பட்டதும் லயத்தில் பலர் கவலைப்பட்டார்கள்.

சிறிய வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். கொடுத்த தாதி சிங்களத்தில் சொன்னார்: “ஹிஸ் படட்ட கன்ன, அம்மே.”

“வெறும் வயித்துல போடணுமாம்,” என்றார் மூக்கன். மொழிபெயர்ப்பில் ஒரு குற்றமும் இல்லை. பேச்சியம்மாவும் அதை ஒருநாள்கூட மீறவில்லை. ரொட்டிக்கு மாப் பிசையும் முன்பே மாத்திரை உள்ளே போய்விடும். ஆனாலும் நோய் அசையவில்லை. ஜனவரியில் மாத்திரையைக் கூட்டினார்கள். பெப்ரவரியில் மறுபடியும் கூட்டினார்கள். மார்ச் தொடக்கத்தில் மூன்றாம் தடவை. இரத்தப் பரிசோதனைத் தாள் ஒவ்வொரு முறையும் பழைய கதையையே சொன்னது. பத்தாவது தொட்டிலும் அந்த மூலையிலேயே ஆடிக்கொண்டிருந்தது.

மார்ச் நடுவில் ஒரு புதன்கிழமை, பதினொரு மணிக்கு ஜெயந்தினி வந்தாள். மூன்று பிரிவுகளின் பிள்ளைக் காம்பராக்களுக்கும் பொறுப்பான உத்தியோகத்தர். ஹட்டன் பக்கத்தில் ஒரு லயத்தில் பிறந்து, படித்து, இருபத்தெட்டு வயதில் இந்தப் பதவிக்கு வந்தவள். கதவைத் திறந்தவள் அங்கேயே நின்றாள். ஒன்பது தொட்டில்கள் ஒரே சீராக ஆடின. ஒன்பது பிள்ளைகளும் தூங்கினார்கள். சுவரில் சாய்ந்து, வாய் சற்றே திறந்து, ஆயம்மாவும் தூங்கினார். அவருடைய கால் மட்டும் விழித்திருந்தது. நீண்டது, மடங்கியது, நீண்டது.

தான் எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று ஜெயந்தினி அறிக்கையில் எழுதவில்லை. எழுதியிருந்தால் அவளும் விளக்கம் சொல்ல வேண்டியிருந்திருக்கும். ஒரு கட்டத்தில் தன் கண்ணும் செருகுவதை உணர்ந்து, போனை எடுத்து ஒரு படம் எடுத்தாள். பிறகு தோளைத் தொட்டாள்.

“ஆயம்மா.”

“ம்ம்.”

“ஆயம்மா, நான் ஜெயந்தினி.”

“தெரியுதுங்க மிஸ். பத்தாவது தொட்டில்ல யாருன்னு மட்டும் பாத்துட்டு வந்துர்றேன்.”

“பத்தாவது தொட்டில் எங்கங்க இருக்கு?”

பேச்சியம்மா கண்ணைத் திறந்தார். மூலையில் விளக்குமாறு இருந்தது.

“புள்ளைங்க ஒண்ணும் அழுவலீங்களே மிஸ்.”

“அழுவல. ஒருத்தனுக்கு மூச்சு முட்டியிருந்தா அவனும் அழுதிருக்க மாட்டான்,” என்றாள் ஜெயந்தினி. குரலை உயர்த்தவில்லை, பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். “ஒண்ணும் ஆகல. அதனாலதான் நாம ரெண்டு பேரும் இப்படி உக்காந்து பேசிக்கிட்டு இருக்கோம்.”

பேச்சியம்மாவுக்கே அந்தப் பயம் இருந்தது. அதை வெளியே சொன்னால் உண்மையாகிவிடும் என்று வைத்திருந்தார்.

முடிவு இதுதான்: ஓகஸ்ட் மாதத்துக்குள், இந்த வேலைக்குத் தகுதியாக இருக்கிறார் என்று டொக்டரின் கடிதம் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஆள் வருவார். பேச்சியம்மா மறுபடி கூடையை மாட்டிக்கொண்டு மலையேற வேண்டும். லயத்துப் படி நாலைந்து ஏறினாலே மூச்சு வாங்குகிறவருக்கு மலை என்றால் என்ன என்பது ஜெயந்தினிக்கும் தெரியும். ஆனால் மலை பேச்சியம்மாவுக்குப் பெரிதாகப் படவில்லை. அந்தக் கயிற்றில் இன்னொருத்தியின் கால் விரல் மாட்டியிருப்பதைத்தான் அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

தாய்மார் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். எட்டு மாதக் குழந்தை கிஷாந்தின் தாய் நிஷாந்தி ஆயம்மா பக்கம்.

“வேற ஆளு வந்தா எம்புள்ள பகல்ல தூங்க மாட்டான். விடிய விடிய முழிச்சு என்னைய கொன்னுருவான்.”

“அப்ப ஆயம்மாவ பாத்துக்க இன்னொரு ஆயம்மா வைக்கச் சொல்லு,” என்றாள் அழகம்மா. அவளுடைய பேத்தி நாலாவது தொட்டில்.

ஏப்ரலில் கிளினிக்கில் புதிய டொக்டர் இருந்தார். பெயர் நிரூபா, யாழ்ப்பாணத்துக்காரர். பழைய தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, மூன்று தடவை கூட்டிய மாத்திரையையும் அசையாத இலக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அம்மா, இந்தக் குளிசையை ஒவ்வொரு நாளும் போடுறனீங்களோ?”

“சாமி சத்தியமாங்க.”

“என்னெண்டு போடுறனீங்கள்?”

“வெறும் வயித்துலதாங்க.”

“நான்தாங்க எடுத்துக் குடுக்கிறது,” என்று மூக்கன் சாட்சி சொன்னார். “ரொட்டி சுடுறதுக்கு முன்னாலயே போட்ருவா.”

நிரூபா பேனையை மூடி வைத்தார். மேசையிலிருந்த தம்ளரில் தண்ணீர் ஊற்றி நீட்டினார். “விழுங்க வேண்டாம். வீட்டில எப்பிடிப் போடுறனீங்களோ, அப்பிடியே செய்து காட்டுங்கோ.”

பேச்சியம்மா தம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். “இதுலயாங்க?”

“வேற என்னத்தில?”

“பச்சத் தண்ணியிலயாங்க? எங்க பக்கம் அந்த நேரத்துல பச்சத் தண்ணியத் தொட்டாலே வெரலு வலிக்கும்ங்க. தேத்தண்ணியிலதான் போடுறது. ஒரு கோப்ப.”

“வெறும் வயித்தில எண்டு சொன்னனீங்கள்.”

“வெறும் வயிறுதாங்க. தேத்தண்ணி மட்டுந்தானே.”

டொக்டரின் மேசையிலும் ஒரு கோப்பை தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. அவர் அதைத் தாள்களுக்குப் பின்னால் மெல்லத் தள்ளி வைத்தார். பேச்சியம்மா பொய் சொல்லவில்லை. தேயிலை மலையில் தேத்தண்ணி சாப்பாட்டில் சேராது. குடிக்கும் பொருளில்கூட முழுதாகச் சேராது. விடிவதில் அது ஒரு பகுதி. கண் திறப்பதை, முகம் கழுவுவதைப் போல. கண்ணைத் திறந்துவிட்டு மாத்திரை போட்டேன் என்று யாராவது டொக்டரிடம் சொல்வார்களா?

“அதோட வேற என்ன போடுறனீங்கள்?”

“கேஸ் மருந்து ரெண்டு மூடி. செவப்பு மாத்திர ஒண்ணு. எல்லாத்தையும் ஒரேயடியா முடிச்சிட்டா வேலைக்கு ஓடிறலாம் பாருங்க.”

“அதுதான்,” என்றார் நிரூபா. “தேத்தண்ணி கொஞ்சம் தடுக்கும். அந்த வெள்ளை மருந்தும் இரும்புக் குளிசையும் பெரிய கள்ளர். வயித்துக்குள்ளயே இதைப் பிடிச்சு வச்சிருந்திட்டு அப்பிடியே வெளியில அனுப்பிவிடும். இரத்தத்துக்கு விடாது. நாங்கள் கூட்டிக்கொண்டு போக, நீங்கள் போட்டுக்கொண்டு வர, உள்ளுக்க போனது கொஞ்சந்தான்.”

பிறகு அவர் கழுத்தைத் தொட்டுக் காட்டி விளக்கினார். இந்தச் சுரப்பியிலிருந்து போகும் சாரம்தான் உடம்பில் எல்லா உறுப்பையும் தட்டி எழுப்புகிறது. அது குறைந்தால் குடல் மெதுவாகும், இதயம் மெதுவாகும், தோல் வறளும், குளிரும், தூக்கம் வரும். வயிறு ஊதியதும் இதனால்தான். பேச்சியம்மா தலையை ஒருபக்கம் சாய்த்துக் கேட்டார். முடிந்ததும் தனக்குப் புரிந்ததைத் திருப்பிச் சொன்னார்.

“அப்ப கண்டாக்கு தூங்கிட்டாருங்க. பெரட்டுக்கு ஆள் கூப்பிடல. அதான் கொடலும் எந்திரிக்கல, தோலும் எந்திரிக்கல.”

நிரூபா மூக்கனைப் பார்த்தார்.

“கண்டாக்குன்னா வேல மேற்பாக்கிறவருங்க. காலையில ஆளுங்கள வரிசையா நிப்பாட்டி எந்த மலைக்குப் போறதுன்னு சொல்றதுதான் பெரட்டு,” என்றார் மூக்கன்.

“ஓம், அப்பிடியும் சொல்லலாம்.” டொக்டர் தாளில் ஓர் இலக்கத்தைச் சுற்றி வட்டம் போட்டார். “தலைக்குள்ள ஒரு சுரப்பி இருந்து, இதை வேலை செய் வேலை செய் எண்டு விரட்டும். அந்தச் சத்தம் எவ்வளவு எண்டுதான் இது. நாலைத் தாண்டக்கூடாது. உங்களுக்கு முப்பத்தெட்டு.”

“தொரை பங்களாவுல இருந்து கத்துறாருங்க,” என்றார் பேச்சியம்மா. “கண்டாக்குக்குக் கேக்கல.”

நிரூபா சிரிக்கப் போய், அதை இருமலாக மாற்றிக்கொண்டார். பிறகு கண்டிப்பாகச் சொன்னார்: எழுந்ததும் வெந்நீரில் மாத்திரை மட்டும். அதன் பிறகு ஒரு மணி நேரம் தேத்தண்ணி கிடையாது. இரும்பு மாத்திரை மத்தியானம். வெள்ளை மருந்தை நிறுத்திப் பார்க்க வேண்டும். “குளிசையை நான் இண்டைக்குக் கூட்டேல்ல. ஒழுங்காப் போட்டா இப்ப இருக்கிறதே கூடிப்போகலாம். நெஞ்சு படபடத்தா, கை நடுங்கினா, ஆறு கிழமை கழிச்சு வாற கிளினிக்கைப் பாத்துக்கொண்டிருக்காம உடன வாங்கோ.”

மாத்திரையை ஒழுங்காகப் போடுவது எளிது. தேத்தண்ணியை ஒரு மணி நேரம் மறுப்பதுதான் கடினம். விடியுமுன் லயத்தில் பத்து வீட்டிலும் ஒரே நேரத்தில் கேத்தல் கொதிக்கும். தகரக் கூரைகளின் கீழ் ஓடிவரும் அந்த வாசனைக்கு நடுவே வெந்நீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருப்பது துறவுக்குச் சமானம். லயமும் அதைத் துறவாகவே எடுத்துக்கொண்டது. மூன்றாம் நாள் அழகம்மா ஒரு கோப்பையை நீட்டினாள். பேச்சியம்மா வேண்டாம் என்றார். நீட்டிய கை அப்படியே நின்றது.

“என்னங்க, எங்கூட கோவமா?”

“கோவமில்ல அழகு. ஒரு மணி நேரம் தொடக்கூடாது.”

“அம்மனுக்கு வேண்டிக்கிட்டீங்களா?”

தைரொய்ட், இரும்பு, வெள்ளை மருந்து என்று ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டிவரும். பேச்சியம்மா சோம்பலில், “ஆமான்னு வச்சுக்க,” என்றார். அன்று மாலைக்குள் அது விரதமாகிவிட்டது. பிறகு யாரும் தேத்தண்ணி நீட்டவில்லை. மரியாதைகூடக் கொஞ்சம் ஏறியது.

மூன்று வாரத்தில் குடல் பெரட்டுக்கு வந்தது. நாலாவது வாரம் ஒரு சுவெட்டர் போதுமாயிருந்தது. பகல் பத்தரைக்கு மூடுபனி வழக்கம்போல ஜன்னலருகே வந்து நின்றது, உள்ளே வந்தது, ஆயம்மா விழித்திருந்தார். தொட்டில்கள் தொட்டில்களாகவே இருந்தன. ஒன்பது வரை எண்ணினார். அதற்கு மேல் விளக்குமாறு. கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

ஐந்தாவது வாரம் நெஞ்சு படபடத்தது.

டொக்டர் சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் அவர் கணக்கு வேறு. தூங்கினால் வேலை போகும்; தூங்காவிட்டால் எப்படிப் போகும்? விழிப்பு ஒரு குற்றமா? ஆகவே ஒன்றும் சொல்லாமல் பத்து நாள் விழித்திருந்தார். காம்பராவின் தரை மூன்று முறை கழுவப்பட்டது. முயலுக்குப் பக்கத்துச் சுவரும் தேய்க்கப்பட்டது. கயிற்றில் மாட்டிய கால் தையல் மெஷின் மாதிரி ஓடியது. ஒன்பது பிள்ளைகளும் கண்ணை அகல விரித்துக் கூரையைப் பார்த்தார்கள், இருவர் குடித்த பாலைக் கக்கினார்கள், மற்றவர்கள் அழுதார்கள்.

“முந்தி ஆயம்மாதான் தூங்குனாங்க. இப்ப ஆருமே தூங்குறதில்ல,” என்று நிஷாந்தி மலையில் சொன்னாளாம். அவளும் இரண்டு இரவு தூங்கியிருக்கவில்லை.

ஒருநாள் முற்பகல் கிஷாந்தைத் தொட்டிலிலிருந்து தூக்கும்போது பேச்சியம்மாவின் இரண்டு கைகளும் நடுங்கின. பிள்ளையைக் கீழே விடவில்லை. மார்போடு அணைத்து, அப்படியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். குழந்தைக்கு அது பிடித்திருந்தது போல. இரண்டு இதயத்தின் வேலையைச் செய்துகொண்டிருந்த அந்த நெஞ்சில் காதை வைத்துச் சத்தம் போடாமல் கேட்டுக்கொண்டிருந்தான். மத்தியானம் பால் கொடுக்கத் தாய் வரும்வரை அவர் எழவில்லை. குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு, அவளுடைய போனையே வாங்கி ஜெயந்தினியை அழைத்தார்.

“மிஸ், நான் பேச்சியம்மா. கை நடுங்குதுங்க. பத்து நாளா நெஞ்சும் அடிச்சுக்குது. ஒங்ககிட்ட மறச்சிட்டேன்.”

“புள்ள?” என்றாள் ஜெயந்தினி.

“ஒண்ணும் ஆகலீங்க. ஆகுறதுக்கு முந்தி சொல்லிறலாம்னுதான்.”

தான் மார்ச்சில் சொன்ன வார்த்தை சுற்றிக்கொண்டு தன்னிடமே வந்து சேர்ந்ததை ஜெயந்தினி கவனித்திருக்க வேண்டும். அவள் அறிக்கை எதுவும் எழுதவில்லை. கீழ்ப்பிரிவு ஆயம்மாவை நாலு நாளைக்கு மேற்பிரிவுக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் தலவாக்கலை பஸ் நிறுத்தத்தில் பேச்சியம்மாவுக்காகக் காத்திருந்து, தானே கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். பஸ்ஸில் இருவரும் அதிகம் பேசவில்லை. ஒருமுறை மட்டும் ஜெயந்தினி கேட்டாள்.

“சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதுங்களே. முழிச்சுத்தானே இருந்தீங்க.”

“தூங்குனப்பகூட என் காலை நான் நம்புனேன் மிஸ். இப்ப கைய நம்ப முடியல.”

நிரூபா நாடியைப் பிடித்துப் பார்த்தார், மாத்திரையைக் குறைத்தார், பத்து நாள் ஏன் காத்திருந்தீர்கள் என்று ஏசினார். யாழ்ப்பாணத்து ஏச்சு பேச்சியம்மாவுக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதி போதுமாயிருந்தது.

அதன் பிறகு உடம்பு அவசரப்படவும் இல்லை, சோம்பவும் இல்லை. ஓகஸ்ட் முதல் வாரத்தில் இரத்தத் தாளில் இலக்கம் மூன்று. “தொரை மெதுவாத்தான் பேசுறார்,” என்றார் நிரூபா, அந்தப் பாஷையைக் கற்றுக்கொண்டவராக. கடிதத்தில் தகுதி என்று எழுதி முத்திரை குத்தினார். இந்த மாத்திரை ஆயுள் முழுக்கத் தொடரும் என்றும் சொன்னார். மேற்பிரிவில் அம்மனின் கருணை என்று பேசிக்கொண்டார்கள். பேச்சியம்மா மறுக்கவில்லை, அம்மனுக்கும் ஒரு தேங்காய் உடைத்தார், டொக்டரா அம்மனா என்று பக்கம் பாராமல்.

மருந்து அந்தப் பகல் தூக்கத்தைக் கொண்டுபோனதற்குப் பதிலாக ஒன்றைக் கொடுத்திருந்தது. மாத்திரைக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் உள்ள ஒரு மணி நேரம். அவருடைய வாழ்க்கையில் அப்படியொரு மணி முன்பு இருந்ததில்லை. அடுப்படியில், குடிக்க முடியாத கேத்தலுக்கு எதிரே, தண்ணீர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருப்பார். சிறிய ஜன்னலுக்கு வெளியே மலை இன்னும் மலையாகியிருக்காது. கேத்தலின் ஆவியும் வெளியிலிருக்கும் பனியும் கண்ணாடியின் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். எங்கோ கீழே முதல் ரயில் கூவும். சத்தம் வந்து சேர்வதற்குள் ரயில் போய்விட்டிருக்கும். எதையும் எண்ண வேண்டியதில்லை. விழித்துக்கொண்டே அதே நீர்த்தேக்கத்தின் கரைக்குப் போய்வருவார்.

“தூங்குறியா?” என்பார் மூக்கன், கோப்பையை ஊதிக்கொண்டே.

“இல்ல. இன்னும் இருவது நிமிசம் இருக்கு.”

ஓகஸ்ட் நடுவில், ஒரு புதன்கிழமை பதினொரு மணிக்கு, கடிதத்தைக் கோப்பில் சேர்க்க ஜெயந்தினி வந்தாள். அன்று கீழ்ப்பிரிவிலிருந்து நடந்தே ஏறியிருந்தாள். வெளியே பனி. உள்ளே ஒன்பது தொட்டில்களும் ஒரே பக்கம் போய், ஒரே பக்கம் திரும்பின. ஆயம்மா விழித்திருந்தார், ஒரு குட்டிச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். கால் பழைய வேகத்துக்கு வந்திருந்தது. ஜெயந்தினி மூலையிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து, கடிதத்தைப் படித்து, தேதியைப் பதிந்தாள்.

“இனி வேற ஆள் தேட வேண்டியதில்லீங்க ஆயம்மா.”

“நல்லதுங்க மிஸ்.”

“மார்ச்சுல எடுத்த படத்தையும் அழிச்சிட்டேன்.”

“எனக்கு ஒண்ணு அனுப்பிட்டு அழிச்சிருக்கலாம். நான் அதைப் பாத்ததே இல்ல.”

ஜெயந்தினி புன்னகைத்தாள். இன்னும் ஒரு பத்தி எழுத வேண்டியிருந்தது. பேனை தாளில் இருந்தது. தொட்டில்கள் போயின, வந்தன. பனி ஜன்னலருகே நின்று யோசித்துவிட்டு உள்ளே வந்தது. பத்தியின் முதல் சொல்லிலிருந்து மைக்கோடு ஒன்று சரிந்து, தாளின் ஓரம்வரை போய் நின்றது.

பேச்சியம்மா பொத்தானைத் தைத்து முடித்து நூலைக் கடித்தார். பெருவிரலிலிருந்து கயிற்றைக் கழற்றாமல், கை எட்டும் தூரத்தில் தொங்கிய இரண்டாவது சுவெட்டரை எடுத்தார். இப்போது அது அவருக்குத் தேவைப்படுவதில்லை. எட்டி, நாற்காலியில் இருந்தவளின் தோள்மேல் போட்டார்.

பன்னிரண்டு மணிக்கு நிஷாந்தி கூடையை வெளியே இறக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வாசலிலேயே ஆயம்மா விரலை உதட்டில் வைத்தார்.

“மெல்ல வா. பத்தும் தூங்குது.”

நிஷாந்தி தொட்டில்களை எண்ணினாள். “ஒம்போதுதானேங்க இருக்கு ஆயம்மா.”

பேச்சியம்மா மோவாயால் மூலையைக் காட்டினார். கால் நீண்டது, மடங்கியது.